ஸ்ட்ரம்மிங் பழகிய கைக்கு ஃபிங்கர்ஸ்டைல்: ஐம்பதுக்கு மேல் தொடங்குபவர்களுக்கு

என் வயதுக்காரர்கள் கிட்டார் பிடித்த கதை ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கும். கல்லூரியில் ஒரு சிநேகிதனிடம் சி, ஏ மைனர், எஃப், ஜி என்று நாலு கார்டு (பல சுரம் சேர்ந்து ஒலிக்கும் பிடி) கற்றுக்கொண்டிருப்போம். அப்புறம் சர்ச்சில் பாடகர் குழு, கல்யாண வீட்டு மெல்லிசை, ஏற்காட்டுக்கு வேனில் போகும்போது கடைசி சீட்டுக் கச்சேரி. எல்லாக் கம்பியையும் சேர்த்து ‘ஜங்கு சக்க ஜங்கு’ என்று அடித்தே (ஸ்ட்ரம்மிங் என்பது இதுதான்) முப்பது வருடம் ஓடிவிடும். பிறகு ஒருநாள், ஒற்றைக் கிட்டாரில் அடியில் பேஸ் (கனத்த கீழ்ச்சுரம்) ஓட மேலே மெட்டு பாடுவதைக் கேட்டுவிட்டு, இரண்டு பேர் வாசிக்கிறார்களோ என்று பார்த்தால் ஒரே ஆள். கம்பிகளை விரலால் தனித்தனியாக மீட்டும் அந்த வாசிப்புக்குத்தான் ஃபிங்கர்ஸ்டைல் என்று பெயர். ஆசை அங்கே பிடிக்கும்.

எனக்கு அது 51-இல் பிடித்தது. இப்போது 54. சேலம் அழகாபுரத்தில் வீடு; தங்கை ஏற்காட்டில் இருப்பதால் மாதம் ஒரு தடவையாவது கிட்டாரோடு மலையேறுவேன். வித்வான் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். ஏழெட்டுப் பாட்டை மெட்டோடு சுத்தமாக வாசிக்கிறேன், அவ்வளவுதான். ஆனால் தப்பான வழியில் எட்டு மாதம் போய்த் திரும்பி வந்தவன் என்பதால், எங்கே திரும்ப வேண்டும் என்பதைச் சொல்ல முடியும்.

முதலில் உங்கள் கையிருப்பைப் பாருங்கள். இடக்கைக்குக் கார்டு தெரியும். உடம்பில் தாளம் இருக்கிறது. புதிதாகக் கிட்டார் எடுப்பவருக்கு இந்த இரண்டும் சேரவே வருடங்கள் ஆகும். உங்களிடம் இல்லாதது வலக்கை மட்டும். அது எல்கேஜி பிள்ளை. இடக்கை எம்ஏ முடித்துவிட்டு எல்கேஜி பிள்ளையோடு நடைபழகுவதில்தான் எரிச்சலே வருகிறது.

வயதைப் பற்றிக் கவலைப்படுபவர்களுக்கு எலிசபெத் காட்டனைச் சொல்வேன். அமெரிக்காவின் வட கரோலினாவில் பிறந்தவர். சிறுமியாக இருந்தபோது கற்ற கிட்டாரைப் பல வருடம் கைவிட்டிருந்தார். ஒரு வீட்டில் சமையல் வேலை பார்க்கும்போது, அங்கே சுவரில் தொங்கிய கிட்டாரை எடுத்து மறுபடி வாசிக்கத் தொடங்கினார். 1958-இல் முதல் இசைத்தட்டு வந்தபோது அறுபதைத் தாண்டிவிட்டார். 1985-இல் கிராமி விருது வாங்கினார். இடக்கைக்காரர் என்பதால் கிட்டாரைத் தலைகீழாகப் பிடித்து, கட்டைவிரலில் மெட்டும் மற்ற விரலில் பேஸும் வாசித்தவர். அவர் முன்னால் நாம் விரல் மரத்துப்போச்சு என்று சொல்வதற்கில்லை.

கிட்டாரும் கம்பியும்

புதுக் கிட்டார் வாங்க ஓடாதீர்கள். இருக்கிற ஸ்டீல் கம்பிக் கிட்டாரே போதும். தலைப்பக்கம் கம்பிகள் தாண்டி வரும் நட்டு என்னும் பட்டையின் அகலத்தை ஸ்கேலால் அளந்து பாருங்கள். நம்மிடம் இருக்கும் பெரிய உடம்புக் கிட்டார்களில் பெரும்பாலும் 43 மில்லிமீட்டர் இருக்கும். ஃபிங்கர்ஸ்டைலுக்கென்று செய்பவற்றில் 44.5, நைலான் கம்பி கிளாசிக்கல் கிட்டாரில் 52. அந்த ஒன்றரை மில்லிமீட்டருக்காகச் செலவு செய்வதை அடுத்த வருடம் யோசிக்கலாம்.

கம்பியை மட்டும் மாற்றிவிடுங்கள். பிக் என்னும் சில்லால் அடிக்கும்போது செத்த கம்பியும் சத்தம் போடும்; விரலால் மீட்டினால் அதன் வண்டவாளம் தெரிந்துவிடும். 12 – 53 செட் (மெல்லிய, தடித்த கம்பிகளின் தடிமன், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) போட்டிருந்தால் 11 – 52 செட்டுக்கு இறங்கலாம். இடக்கைக்கு நிம்மதி. பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளில் பன்னிரண்டாவது), ஆறாம், அதாவது மிகத் தடித்த, கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே இரண்டரை மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தால், ரிப்பேர் தெரிந்தவரிடம் கொடுத்து இறக்கச் சொல்லுங்கள். ஒன்று எச்சரிக்கை: நைலான் கிட்டாரில் ஸ்டீல் கம்பி போட்டுவிடாதீர்கள். நைலான் செட் மொத்தமாக 40 கிலோவை ஒட்டி இழுக்கும்; ஸ்டீல் செட் 70 கிலோ இழுக்கும். கம்பிகளைக் கிட்டார் உடம்பில் கட்டிவைத்திருக்கும் பிரிட்ஜ் பிய்த்துக்கொண்டு வரும்.

பிரிட்ஜ் என்றதும் என் கூத்து ஞாபகம் வருகிறது. ஒரு மே மாதம், ஐந்து ரோட்டுப் பக்கம் காரை வெயிலில் நிறுத்திவிட்டு, கிட்டாரைப் பின்சீட்டில் வைத்துவிட்டுக் கல்யாணச் சாப்பாட்டுக்குப் போய்விட்டேன். இரண்டு மணி நேரம். திரும்பி வந்து எடுத்தால் பிரிட்ஜின் பின்பக்கம் ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவுக்கு எழும்பியிருந்தது. உள்ளே கோந்து இளகிவிட்டது. நம்மூர் சித்திரை வெயிலில் மூடிய கார் என்பது அடுப்புதான். வீட்டிலும் மொட்டைமாடி ஓரத்து அறை, தகரக் கூரை, மேற்குச் சுவர் இவற்றிலிருந்து கிட்டாரைத் தள்ளி வையுங்கள். மரத்துக்கு 45 முதல் 55 சதவீத ஈரப்பதம் இதம். கோடையில் பெட்டிக்குள் ஈரத்துணி வைத்த சோப்பு டப்பா ஒன்று போட்டு வைக்கிறேன். டப்பா மூடியில் ஓட்டைகள் போட்டிருக்கும்; துணி சொட்டக் கூடாது, பிழிந்திருக்க வேண்டும்.

ஏற்காட்டில் நேர் எதிர். இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி 1500 மீட்டர் உயரத்தில் பெட்டியைத் திறந்தால் எல்லாக் கம்பியும் சுருதி ஏறியிருக்கும். குளிரில் ஸ்டீல் சுருங்குகிறது, இழுவிசை கூடுகிறது. உடனே திருக வேண்டாம். பெட்டியை மூடியபடியே அரை மணி நேரம் வைத்திருந்துவிட்டுத் திறந்து சுருதி சேருங்கள். பனிமூட்டத்தில் வாசித்தால், முடித்ததும் ஒவ்வொரு கம்பியையும் காய்ந்த துணியால் துடையுங்கள். இல்லாவிட்டால் அடுத்த தடவைக்குள் துரு வந்துவிடும். அதேபோல, தட்டுவடை செட் தின்ற கையோடு கிட்டாரைத் தொடாதீர்கள். சட்னி கம்பிக்கு ஆகாது.

உட்காருவது, நகம்

ஸ்ட்ரம்மிங்குக்கு எப்படி உட்கார்ந்தாலும் ஓடிவிடும். விரலுக்கு ஓடாது. கைப்பிடி இல்லாத நாற்காலியில் முன்தள்ளி உட்காருங்கள். கிட்டாரின் தலை உங்கள் தோளுயரத்துக்கு வர வேண்டும். அதற்குக் காலின் கீழ் ஏதாவது வேண்டும். கடையில் விற்கும் மடக்கு ஸ்டூலுக்குப் பதில் நான் வீட்டு மணைப்பலகையின் மேல் ஒரு செங்கல் வைத்துச் சமாளிக்கிறேன். 12 முதல் 15 சென்டிமீட்டர் உயரம் போதும். முதுகு வலி உள்ளவர்கள் இதை விட்டுவிட்டு, உட்கார்ந்தபடியே ஸ்ட்ராப் மாட்டிக்கொள்வது நல்லது.

வலது முழங்கையின் கீழ்ப்பகுதி கிட்டார் விளிம்பில் சாய்ந்து நிற்கட்டும். மணிக்கட்டு மடங்கக் கூடாது. கட்டைவிரல் கிட்டாரின் கழுத்துப் பக்கமாக முன்னே நீட்டியிருக்க, மற்ற விரல்கள் அதற்குப் பின்னால். கட்டைவிரலும் ஆள்காட்டியும் ஒன்றையொன்று பெருக்கல் குறி போலக் குறுக்கே கடக்க வேண்டும். ஒன்றின் வயிற்றில் ஒன்று முட்டக் கூடாது. விரல் கம்பியை வெளியே பிடுங்கக் கூடாது, உள்ளங்கையை நோக்கி மடங்க வேண்டும். பிடுங்கினால் ‘டப்’ என்று ஃப்ரெட்டில் அடிக்கும். சுண்டுவிரலைக் கிட்டார் உடம்பில் ஊன்றலாமா என்று கேட்பார்கள். லேசாகத் தொட்டுக்கொண்டிருந்தால் தப்பில்லை. முட்டுக்கொடுத்து நின்றால் மோதிர விரல் இறுகிவிடும்.

நகம் உங்கள் இஷ்டம். சதைநுனியால் வாசித்தால் சத்தம் மெத்தென்று வரும். நகம் பட்டால் கணீரென்று வரும். நான் இரண்டும் கெட்டான்: சதைக்கு மேல் ஒரு மில்லிமீட்டர் மட்டும் வளர்த்திருக்கிறேன். முதலில் சதை படும், விடும்போது நகம் படும். வயதான நகம் சட்டென்று உடையும், அதனால் வெட்டாமல் ராவுங்கள். மிக மெல்லிய உப்புத்தாள் போதும். கையால் பிசைந்து சாப்பிடுகிற நமக்கு இதில் ஒரு தனித் தொல்லை உண்டு. சாம்பார் சாதம் பிசைந்த மஞ்சள் நகத்தடியில் நின்றுவிடும். “ஒரு கையில நகம், ஒரு கையில இல்ல, இதென்னங்க வேஷம்?” என்று என் மனைவி ஒரு வாரம் கேட்டாள். பழைய டூத்பிரஷ் ஒன்றை வாஷ்பேசினில் வைத்தபின் கேட்பதில்லை. இடக்கை நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள்.

கட்டைவிரல் மட்டும், இரண்டு வாரம்

என் எட்டு மாதம் வீணானது இங்கேதான். ஃபிங்கர்ஸ்டைல் என்றாலே விரல்கள் என்று நினைத்து, நாலு விரலையும் ஒரே நாளில் கம்பியில் இறக்கினேன். மெதுவாக வாசித்தால் வரும். கார்டு மாறும் இடத்தில் மொத்தமும் சரியும். ஒரு மாதிரி நொண்டி நடை. ஏன் என்று புரியவில்லை.

புரியவைத்தவர் அம்மாபேட்டையில் தறி நெய்கிற ஒரு அண்ணன். கிட்டாரைத் தொட்டதே இல்லை. வேட்டி வாங்கப் போன இடத்தில் அவர் குழித்தறியில் உட்கார்ந்து நெய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே கால் இரண்டும் மிதிகளை மாற்றி மாற்றி மிதிக்கின்றன. ஒரு கை கயிற்றை இழுக்க, ஊடைநூல் சுமந்த நாடா இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் பாய்கிறது. மறு கை பலகையை இழுத்து அடிக்கிறது. இத்தனைக்கும் நடுவில் என்னோடு மழை விலைவாசி எல்லாம் பேசுகிறார்.

“கால்ல கவனம் வேண்டாமாண்ணே?” என்றேன்.

“கால நெனச்சா நாடா நின்னுரும் தம்பி. மொதல்ல கால் அது பாட்டுக்குப் போகணும். அப்புறம்தான் கைக்கு வேலை.”

அன்று ராத்திரி பிற விரல்களை மடக்கிவிட்டுக் கட்டைவிரலை மட்டும் ஓடவிட்டேன். நீங்களும் அங்கேதான் தொடங்க வேண்டும். ஸ்ட்ரம்மிங்கில் மணிக்கட்டில் இருந்த தாளம் முழுவதையும் கட்டைவிரலுக்கு எழுதிவைக்கப்போகிறீர்கள்.

செய்முறை இதுதான். மெல்லிய கம்பி ஒன்று, தடித்த கம்பி ஆறு என்று எண்ணிக்கொள்ளுங்கள். சி கார்டைப் பிடித்து, கட்டைவிரலால் 5, 4, 5, 4 என்று அடிக்கு ஒன்றாக மீட்டுங்கள். ஏ மைனருக்கும் அதே. ஜிக்கும் ஈ மைனருக்கும் 6, 4, 6, 4. டி கார்டுக்கு 4, 3, 4, 3. எஃப் கார்டை முழு பாரே (ஒரே விரலால் எல்லாக் கம்பியையும் அழுத்துவது) போடாமல் நாலு கம்பியில் மட்டும் பிடித்தால் அதற்கும் 4, 3, 4, 3. போனில் தாளம் தட்டும் மெட்ரோனோம் செயலி ஒன்று போட்டு, நிமிடத்துக்கு 60 அடியில் வையுங்கள். சி, ஏ மைனர், எஃப், ஜி என்று கார்டுக்கு நாலு அடி. சுற்றிச் சுற்றி வாருங்கள்.

சலிக்கும். சலிப்புத்தான் அளவுகோல். கட்டைவிரல் ஓடிக்கொண்டிருக்கும்போது வீட்டில் யாராவது “பால் வாங்கியாச்சா?” என்று கேட்டால், நிறுத்தாமல் பதில் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். தாளம் தடுக்கினால் இன்னும் ஒரு வாரம். என் வீட்டில் வேண்டுமென்றே கேள்வி கேட்பார்கள்.

விரல்கள் சேர்வது

இப்போது எண்ணுவதற்கு நம்ம ஊர்ச் சொல்லே இருக்கிறது: தகதிமி தகஜுனு. எட்டு எழுத்து, எட்டு இடம். த, தி, த, ஜு நாலும் கட்டைவிரலுக்கு. க, மி, க, னு நாலும் மற்ற விரல்களுக்கான காலியிடங்கள். ஒன்று இரண்டு என்று எண்ணினால் எனக்கு நடுவில் இடறும். சொற்கட்டாகச் சொன்னால் நாக்கே விரலை இழுத்துக்கொண்டு போகும்.

முதல் நாள் முதல் ‘த’வில் மட்டும், கட்டைவிரலோடு நடுவிரலும் சேர்ந்து ஒன்றாம் கம்பியைக் கிள்ளட்டும். மீதி மூன்று அடியும் கட்டைவிரல் தனியாக. இது வந்தபின் கிள்ளுவதை விட்டுவிட்டு, ‘மி’ என்னும் இடத்தில் நடுவிரல் ஒன்றாம் கம்பியைத் தொடட்டும். வேறெதுவும் வேண்டாம். ஒரே ஒரு விரல், எட்டில் ஒரே இடம். பார்க்க அற்பமாகத் தெரியும். கட்டைவிரல் அந்த நொடியில் தயங்குகிறதா என்பதைக் கவனியுங்கள், பெரும்பாலும் தயங்கும். தயக்கம் போனபிறகு இரண்டாவது ‘க’வில் ஆள்காட்டி விரல் இரண்டாம் கம்பியை மீட்டட்டும். அவ்வளவுதான், உங்கள் கையில் இப்போது ஓடுவதை உலகம் ‘டிராவிஸ் பிக்கிங்’ என்கிறது. அமெரிக்காவின் கென்டக்கியைச் சேர்ந்த மெர்ல் டிராவிஸ் பெயரால் வந்தது. அந்த மனிதர் இந்த வித்தை முழுவதையும் கட்டைவிரல், ஆள்காட்டி இரண்டை வைத்தே செய்தவர். மோதிர விரல் பலவீனமாக இருக்கிறதே என்று புலம்புகிறவர்கள் இதை நினைத்துக்கொள்ளலாம்.

மெட்ரோனோமை ஒரு தடவைக்கு நாலு எண்ணுக்கு மேல் ஏற்றாதீர்கள். ஸ்ட்ரம் பண்ணியவர்களுக்கு வேகம் பழகிய கை. பாதியில் ஓட ஆரம்பிக்கும். போனில் பதிவு செய்து கேட்டால் உங்களுக்கே தெரியும். முதல் பதிவை நான் கேட்டபோது, கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவன் மாதிரி இருந்தது.

இன்னொரு வகை ஆறு எழுத்து நடை. தகிட தகிட. கட்டை, ஆள்காட்டி, நடு, மோதிரம், நடு, ஆள்காட்டி. சி கார்டில் கம்பி 5, 3, 2, 1, 2, 3. தாலாட்டு, சோகப் பாட்டு, மெதுவான தேவாலயப் பாட்டு எல்லாம் இதில் அடங்கும். பாடப் புத்தகங்களில் விரல்களுக்கு பி, ஐ, எம், ஏ என்று போட்டிருப்பார்கள். ஸ்பானிய மொழியில் கட்டை, ஆள்காட்டி, நடு, மோதிர விரல்களின் முதலெழுத்துகள். பயிற்சி இன்னும் வேண்டுமென்றால் இத்தாலிக்காரர் மௌரோ ஜூலியானி 1812-இல் வெளியிட்ட வலக்கைப் பயிற்சிகள் 120 இருக்கின்றன. ஸ்ட்ரம் பண்ணுகிறவருக்கென்றே எழுதினாரோ என்று தோன்றும்: சி, ஜி7 இரண்டே கார்டுதான் மாறி மாறி வரும், இடக்கைக்கு வேலையே இல்லை. முதல் பத்தோடு நான் நிறுத்திக்கொண்டேன்.

இடக்கையின் பொய்கள்

இத்தனை நாள் ஸ்ட்ரம்மிங் மூடி மறைத்ததெல்லாம் இப்போது வெளியே வரும். ஆறு கம்பியைச் சேர்த்து அடிக்கும்போது ஒன்று ஊமையாக இருந்தாலும் யாருக்கும் தெரியாது. தனித்தனியாக மீட்டினால் தெரியும். சி கார்டைப் பிடித்து 5-லிருந்து 1 வரை ஒவ்வொன்றாக மீட்டுங்கள். முப்பது வருடமாக என் ஆள்காட்டி விரல் ஒன்றாம் கம்பியில் சாய்ந்துகொண்டிருந்திருக்கிறது. விரல் நுனி செங்குத்தாக இறங்க வேண்டும், ஃப்ரெட்டை ஒட்டிப் பிடிக்க வேண்டும். கார்டு மாறும்போது மொத்தக் கையையும் தூக்காதீர்கள்; சியிலிருந்து ஏ மைனருக்குப் போக மோதிர விரல் ஒன்றுதான் நகர வேண்டும், மற்ற இரண்டும் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். பேஸ் கம்பியை அழுத்தும் விரல் முதலில் போய்ச் சேரட்டும். மற்றவை அரை நொடி தாமதித்தாலும் கட்டைவிரல் காப்பாற்றிவிடும்.

எவ்வளவு நேரம்

காலையில் பதினைந்து நிமிடம், ராத்திரி பதினைந்து நிமிடம். ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் உட்காருவதைவிட இது கைக்கும் நல்லது, மூளைக்கும் நல்லது. ஏற்காட்டில் மார்கழிக் காலையில் விரல் கட்டையாக இருக்கும். வெந்நீரில் இரண்டு நிமிடம் வைத்துத் துடைத்துவிட்டு ஆரம்பிப்பேன். சோர்வு வேறு, வலி வேறு. விரல் மரத்துப்போனாலோ, முன்கையில் சுரீர் என்று இழுத்தாலோ அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். இரண்டு மூன்று நாளில் போகவில்லை என்றால் டாக்டரைப் பாருங்கள். சர்க்கரை உள்ளவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மடக்கிய விரல் நீட்டும்போது கொக்கி போல மாட்டி ‘டக்’ என்று விடுபடும் தொல்லை அவர்களுக்கு அதிகம் வரும். அதைப் பயிற்சியால் சரிசெய்ய முயலக் கூடாது.

மெட்டு

தகதிமியும் தகிடவும் வந்ததும் பலர் அங்கேயே தங்கிவிடுகிறார்கள். ஆசைப்பட்டது பாட்டுத்தானே, அதை விடக் கூடாது. மூன்று நான்கு மாதத்தில் மெட்டுக்கு வந்துவிடுங்கள்.

தூக்கத்தில் கேட்டாலும் பாடக்கூடிய, மெதுவான, குட்டியான ஒரு பாட்டை எடுங்கள். அம்மா பாடிய தாலாட்டு என்றால் உத்தமம். அதை சி அல்லது ஜியில் வைத்து முனகியபடி, மெட்டை மட்டும் 1, 2, 3-ஆம் கம்பிகளில் தேடிப் பிடியுங்கள். கார்டு வேண்டாம், பேஸ் வேண்டாம். ஒரு வரி கிடைத்ததும், எந்த எழுத்து அடியில் விழுகிறது, எந்த எழுத்து இரண்டு அடிக்கு நடுவில் விழுகிறது என்று பாருங்கள். அடியில் விழுவதைக் கட்டைவிரலோடு சேர்த்துக் கிள்ள வேண்டும். நடுவில் விழுவது, ஏற்கெனவே நீங்கள் பழகிய ‘மி’யும் ‘க’வும்தான். பிறகு கார்டைப் பிடித்தபடியே மெட்டின் சுரங்களை எட்டப் பாருங்கள். சி கார்டில் ஒன்றாம் கம்பி மூன்றாம் ஃப்ரெட்டுக்குச் சுண்டுவிரல் போக வேண்டியிருக்கும். இத்தனை வருடம் சும்மா இருந்த விரல், முதலில் மறுக்கும். ஒரு நாளைக்கு ஒரு வரி. நாலு வரிப் பாட்டுக்கு எனக்கு ஒரு மாதம் ஆனது.

நாலு பேர் முன்னால் வாசிக்கும்போது, வீட்டில் வரும் வேகத்தில் கொஞ்சம் குறைத்தே தொடங்குங்கள். விரல் தவறினால் தவறட்டும், கட்டைவிரல் நிற்கக் கூடாது. போன டிசம்பரில் தங்கை வீட்டில் கரண்ட் போன ஒரு ராத்திரி, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அந்தத் தாலாட்டை வாசித்தேன். மூன்றாவது வரியில் நடுவிரல் பக்கத்துக் கம்பியில் இறங்கிவிட்டது. கட்டைவிரல் அது பாட்டுக்குப் போனது, நான் நாலாவது வரியில் போய்ச் சேர்ந்துகொண்டேன். யாரும் கவனிக்கவில்லை.

முடித்ததும் தங்கை சொன்னாள், “நல்லாத்தான் இருக்குண்ணா. ஆனா எப்பவும் அடிப்பியே, ஜங்கு சக்கன்னு, அதை ஒண்ணு அடி. எல்லாரும் பாடலாம்.”

பிக் சட்டைப் பையிலேயே இருந்தது.